சிடைப்ஸா, சிஎஃப்எஃப்ஐயா: பைத்தானிலிருந்து சி பாயின்டரைக் கையாள எது நல்லது?

பைத்தானிலிருந்து ஒரு சி நூலகத்தை அழைக்க வேண்டும் என்றால் பலரும் முதலில் எடுப்பது சிடைப்ஸ் (ctypes). 2006-இல் வந்த பைத்தான் 2.5 முதல் அது பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, தனியாக நிறுவ வேண்டியதில்லை. போட்டிக்கு நிற்பது சிஎஃப்எஃப்ஐ (CFFI). பைபை (PyPy) என்ற மாற்று பைத்தான் இயக்கியின் திட்டத்தைச் சேர்ந்த ஆர்மின் ரிகோவும் மாச்சேய் ஃபியாவ்கோவ்ஸ்கியும் 2012-இல் கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரு டைப்பை இன்னொரு டைப்பாக மாற்ற காஸ்ட் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் உண்டு. அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மாறுபவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் வேறுபாடு, டைப்பை யார் சொல்வது என்பதில். சிடைப்ஸில் ஒரு ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், அது 'இன்ட்', அதாவது சி-யின் சாதாரண முழு எண், என்று தானே எடுத்துக்கொள்ளும். இன்றைய 64 பிட் கணினிகளில் இன்ட் 32 பிட், மெமரி முகவரியைத் தாங்கும் பாயின்டர் 64 பிட். மெமரி ஒதுக்கும் சி ஃபங்ஷனான மால்லாக் தரும் முகவரியின் மேல் பாதி சத்தமில்லாமல் வெட்டப்பட்டுவிடும். முகவரி சிறியதாக அமைந்தால் நிரல் ஓடும், பெரியதாக அமைந்தால் கிராஷ் ஆகும். ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் விழும் பிழைகளில் இது மிக மோசமான வகை, ஏனென்றால் விழும் இடம் பிழை நடந்த இடமாக இருக்காது.

சரி, திருப்பித் தரும் டைப்பைச் சொல்லும் ரெஸ்டைப்பில் வாய்ட் பாயின்டர் (எதைச் சுட்டுகிறது என்று சொல்லாத பாயின்டர்) என்று குறித்துவிட்டால் போதுமா? போதாது. அப்போது கையில் கிடைப்பது சாதாரண பைத்தான் எண். அதை ஆர்க்டைப்ஸ் (உள்ளே வாங்கும் மதிப்புகளின் டைப்கள்) குறிக்காத இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், லினக்ஸில் மறுபடியும் இன்ட்டாகச் சுருங்கிப் போகும். ஆகவே சிடைப்ஸ் பயன்படுத்தினால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இந்த இரண்டையும் எழுதியே ஆக வேண்டும். இதில் சலுகை கிடையாது.

சிஎஃப்எஃப்ஐ இந்தப் பள்ளத்தை மூடிவிடுகிறது. சி அறிவிப்பை அப்படியே சரமாகக் கொடுக்க வேண்டும், அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கவே முடியாது. பாயின்டர் எதிர்பார்க்கும் இடத்தில் வெறும் எண்ணைக் கொடுத்தால் டைப்எரர். ஒரு ஸ்ட்ரக்டின் (பல உறுப்புகளைச் சேர்த்த சி டைப்) பாயின்டர் கேட்கும் இடத்தில் வேறொரு ஸ்ட்ரக்டுடையதைக் கொடுத்தாலும் அதேதான். மாற்றியே ஆக வேண்டுமென்றால் நீங்களே காஸ்ட் எழுத வேண்டும். ஆபத்தான வரி எது என்று குறியீட்டைப் படிப்பவருக்குத் தெரிகிறது, எனக்கு இதுவே பெரிய ஆதாயம்.

ஆனால் மெமரியை உயிரோடு வைத்திருக்கும் விஷயத்தில் நிலைமை தலைகீழ். சிடைப்ஸில் ஒரு அரேயை வேறு டைப்புக்கு காஸ்ட் செய்தால், புதிய பாயின்டர் பழைய பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிஎஃப்எஃப்ஐயில் அந்தப் பிடி இல்லை. மெமரி ஒதுக்கும் அதன் நியூ என்ற ஃபங்ஷன் கொடுத்த பொருள்தான் அந்த மெமரிக்கு ஒரே உரிமையாளர். நியூவையும் காஸ்டையும் ஒரே வரியில் கோத்து எழுதினால், வரி முடிந்ததும் பைத்தான் மூலப் பொருளை விடுவித்துவிடும், கையில் இருப்பது செத்த முகவரி. பாயின்டர் தேவைப்படும் வரை மூலப் பொருளை ஒரு மாறியில் வைத்திருங்கள்.

சரங்களிலும் இதே மாதிரி ஒரு சங்கதி. ஸ்ட்ரடப் என்ற சி ஃபங்ஷன் புதிதாக மெமரி ஒதுக்கி சரத்தை நகலெடுத்துத் தரும், அதை ஃப்ரீ செய்வது, அதாவது விடுவிப்பது, நம் பொறுப்பு. சிடைப்ஸில் அதன் ரெஸ்டைப்பை சி_கேர்_பி (சரத்துக்கான பாயின்டர் டைப்) என்று வைத்தால் நேரடியாக பைட்ஸ் கிடைக்கிறது. வசதிதான், ஆனால் மூல முகவரி தொலைந்துவிடுகிறது, இனி எதை ஃப்ரீ செய்வது? வாய்ட் பாயின்டராக வாங்கி, படித்த பிறகு விடுவிக்க வேண்டும். சிஎஃப்எஃப்ஐயில் பாயின்டர் பாயின்டராகவே வருகிறது. அதோடு சிஎஃப்எஃப்ஐயின் ஜிசி ஃபங்ஷன் மூலம் ஃப்ரீயைக் கட்டிவிட்டால் பொருள் போகும்போது மெமரியும் போகும்.

அப்புறம், சிஎஃப்எஃப்ஐக்கே இரண்டு முகம் உண்டு. API என்ற முறையில் சி கம்பைலரே நம் அறிவிப்பைச் சரிபார்க்கிறது. ஸ்ட்ரக்டில் மூன்று புள்ளி வைத்தால் மீதி அளவுகளை அதுவே கணக்கிடும். இதற்குப் பதில் பைனரியோடு நேரடியாகப் பேசும் ABI முறையில், அதாவது நூலகத்தை ஓடும்போதே ஏற்றும் டிஎல்ஓப்பன் வழியில், இந்தச் சோதனை இல்லை. ஸ்ட்ரக்டில் ஒரு உறுப்பைத் தவறாக எழுதினால் சிடைப்ஸ் போலவே தவறான பைட்டுகளைத்தான் படிக்கும்.

லுவா மொழியின் வேகமான இயக்கியான லுவாஜிட்டின் எஃப்எஃப்ஐயை (சி-யை அழைக்கும் வசதி) பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது, சிஎஃப்எஃப்ஐக்கு முன்மாதிரி அதுதான். சி அழைப்புகளை நேரடியாக இயந்திரக் குறியீட்டுக்குள் சேர்ப்பதால் வேகம் அபாரம். ஆனால் நல் பாயின்டரை (எதையும் சுட்டாத பாயின்டர்) வெறும் 'இஃப்'பில் வைத்தால் உண்மை என்றே கொள்ளும், லுவாவில் 'ஒன்றுமில்லை' எனும் நில்லோடு ஒப்பிட்டால்தான் சரியாக வரும்.

நான்கைந்து ஃபங்ஷன்கள் மட்டும், பயனர் எதையும் நிறுவக் கூடாது என்றால் சிடைப்ஸ் போதும், டைப்களை முழுதாக எழுதுவீர்கள் என்றால். அதற்கு மேல் ஸ்ட்ரக்டுகளும் கால்பேக்குகளும் (சி திரும்ப அழைக்கும் பைத்தான் ஃபங்ஷன்கள்) வரத் தொடங்கினால், தொகுக்கும் கணினியில் கம்பைலர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிஎஃப்எஃப்ஐயின் API முறையைத்தான் எடுப்பேன்.