எச்.ஐ.வி. திட்டத் தரவு: டிஎச்ஐஎஸ்2, டியர்.நெட், ஓப்பன்எம்ஆர்எஸ் – எது எங்கே சரிப்படும்?

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஒரு ஏ.ஆர்.டி. மையத்தின் மாத அறிக்கையில் 'மருந்துக்கு வராதவர்கள்: 20' என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிடத்துக்கு அந்த எண் போதும். மையத்தில் இருக்கும் ஆலோசகருக்கோ அந்த 20 பேரின் பெயர், போன் நம்பர், கடைசியாக மருந்து வாங்கிய தேதி எல்லாம் வேண்டும். எச்.ஐ.வி. மருந்தை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும். அதனால் தேசியத் திட்டத்துக்கு எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வராதவர்களின் பட்டியல், தகவலைப் பதிந்த மையத்துக்கே திரும்பி வருகிறதா?

அதிக நாடுகளில் இருப்பது, சுகாதார மையங்களின் அறிக்கைகளைத் தொகுக்கும் டிஎச்ஐஎஸ்2. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1990-களில் வேர்விட்டு, ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கையில் வளர்ந்தது. இரண்டாம் பதிப்பு முதலில் களத்துக்கு வந்தது 2006-ல், நம் பக்கத்துக் கேரளத்தில். கென்யா 2011-ல் நாடு முழுவதும் கொண்டுவந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. மாவட்டவாரியாக வரைபடம், காலாண்டு ஒப்பீடு, அறிக்கை அனுப்பாத மையம் எது என்பதெல்லாம் நொடியில் வரும். ஆனால் இதன் அடிப்படை மொத்த எண்ணிக்கைதான். ஆள்வாரியாகத் தொடர 'டிராக்கர்' என்ற பகுதி இருக்கிறது. ஆயுள் முழுக்க நீளும் சிகிச்சைக்கு, லட்சக்கணக்கானவர்களுக்கு அதை விரிப்பதென்றால் நல்ல சர்வர், நல்ல நெட், தேர்ந்த தொழில்நுட்ப அணி மூன்றும் வேண்டும்.

இந்த மூன்றில் எனக்கு அதிக மரியாதை டியர்.நெட் மேல்தான். உலகிலேயே அதிகமாக, 75 லட்சத்துக்கும் மேற்பட்ட தொற்றுள்ளோர் வாழும் தென்னாப்பிரிக்காவுக்காகக் கேப் டவுன் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதன் பின்னால் இருந்த யோசனை எளிமையானது. எல்லா கிளினிக்கும் ஒரே நாளில் கணினிக்கு மாற முடியாது. முதல் படியில் காகித ரிஜிஸ்டர், இரண்டாவதில் நெட் தேவைப்படாத கணினி, மூன்றாவதில் நெட்டில் இணைந்த முழு மருத்துவப் பதிவு. எந்தப் படியில் இருந்தாலும் மேலே போகும் கணக்கு ஒரே மாதிரி இருக்கும்.

நடப்பது இதுதான். நர்ஸ் வழக்கம்போல நோயாளியின் கோப்பில் எழுதுகிறார். பதிவு ஊழியர் அதைக் கணினியில் ஏற்றுகிறார். தேதி தவறியவர்கள், 90 நாளுக்கு மேல் காணாதவர்கள், வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) பரிசோதனைக்கு நேரம் வந்தவர்கள் என்று பட்டியல்கள் அங்கேயே வந்துவிடும்; அதை எடுத்துக்கொண்டு தேடப் போகலாம். ஒரே காலாண்டில் சிகிச்சை தொடங்கியவர்களில் 12 மாதம் கழித்து எத்தனை பேர் சிகிச்சையைத் தொடர்கிறார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். மேலிடத்துக்கு ஒரு ஏற்றுமதிக் கோப்பு போனால் போதும்.

குறையும் பெரியதுதான். ஒவ்வொரு கிளினிக்கும் தனித்தனி தரவுத்தளம். ஒருவர் வேலை தேடி ஜோகன்னஸ்பர்க் போய், மாற்றல் கடிதம் இல்லாமல் அங்கே மருந்து வாங்க ஆரம்பித்தால், பழைய இடத்தில் 'காணவில்லை', புதிய இடத்தில் 'புதியவர்'. ஒழுங்காக மருந்து சாப்பிடும் ஒரு மனிதர் இரண்டு தவறான எண்களாகிவிடுகிறார். நாடு முழுவதும் ஒரே அடையாள எண் இல்லாதவரை இதற்கு முழு மருந்து இல்லை.

ஓப்பன்எம்ஆர்எஸ் வேறு ரகம்: ஒவ்வொரு நோயாளியின் முழு மருத்துவப் பதிவையும் வைக்கும் மென்பொருள். 2004-ல் தொடங்கியது, 2006-ல் கென்யாவில் களம் கண்டது. இதுவும் இலவசம். கென்யா, உகாண்டா, நைஜீரியா மூன்றும் இதன் மேல் தங்கள் சொந்தப் பதிப்பைக் கட்டியிருக்கின்றன. மருத்துவர் நோயாளியை எதிரே வைத்துக்கொண்டே பழைய மருந்து, எடை, காசநோய் அறிகுறி என்று எல்லாம் பார்க்கலாம். சிகிச்சைத் தரத்துக்கு இதுதான் சிறந்தது. ஆனால் கரண்ட் போனால், கணினி பழுதானால், பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனால் வேலை நின்றுவிடும். உள்ளூரில் மென்பொருள் அணி இல்லாத நாடு இதில் இறங்கக் கூடாது.

ரகசியத்தில் மூன்றுக்கும் பரீட்சை உண்டு. சிங்கப்பூரில் எச்.ஐ.வி. பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரம் வெளியே கசிந்தது 2019-ல் தெரியவந்தது. தரவை ஒரே இடத்தில் குவித்தால் ஒரே ஓட்டையில் எல்லாம் போகும். யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்ற தடம் இல்லாத எதையும் வாங்கக் கூடாது. இந்தியாவில் 2017-ன் எச்.ஐ.வி. சட்டமே தகவல் பாதுகாப்பைக் கட்டாயமாக்குகிறது.

அப்புறம், பணம். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, டிஎச்ஐஎஸ்2 மேல் கட்டப்பட்ட அதன் எச்.ஐ.வி. தரவுத்தளம் முடங்கியது. தென்னாப்பிரிக்காவில் அந்த நிதியில் சம்பளம் வாங்கிய பதிவு ஊழியர்கள் பலருக்கு வேலை போனது. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் பதிபவரின் சம்பளத்தை நாட்டின் சொந்த பட்ஜெட்டில்தான் போட வேண்டும்.

என் தேர்வு கலவைதான். நெட் நம்ப முடியாத நாட்டில் கிளினிக்கில் டியர்.நெட் மாதிரி, மேலே டிஎச்ஐஎஸ்2. கரண்டும் ஆளும் உறுதியாக இருக்கும் பெரிய மருத்துவமனைகளில் ஓப்பன்எம்ஆர்எஸ். இந்தியாவின் எச்.ஐ.வி. திட்டத்துக்கு 2010-ல் வந்த 'சிம்ஸ்' மென்பொருள் அறிக்கைகளைச் சேர்த்தது; பின்னால் வந்த 'சோச்' ஆளைத் தொடர்கிறது. திசை சரி என்றே நினைக்கிறேன்.

டெமோ காட்ட வருபவர்களிடம் டேஷ்போர்டை மூடச் சொல்லுங்கள். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, போன வாரம் தேதி தவறியவர்களின் பட்டியலைப் பதிவு ஊழியரே எடுக்கட்டும். அடுத்து, வேறு மையத்துக்குப் போன ஒருவரை அங்கே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.