கிலோவோ அடிமட்டமோ: கலவன் மீனுக்கு எல்லை வைக்கிற கதை

களப்பில மீன் குறையுது, ஏதோ ஒரு எல்லை வைக்கத்தான் வேணும், இதில எங்கட மீனவர் சங்கத்தில ஆருக்கும் மறுப்பில்லை. எப்பிடி எண்டதிலதான் இழுபறி. ஒரு பக்கம் கோட்டா, அதாவது இனத்துக்கு இத்தினை கிலோ. மற்றப்பக்கம் வலைக்கண்ணைப் பெருப்பிச்சு, மீனின்ர நீளத்தை அளந்து, சினை நண்டைத் திருப்பி விடுறது. சில மாசம் தொழிலை நிப்பாட்டுவம் எண்டும் ஒரு கதை வந்தது, அந்த மாசம் சோறு ஆர் போடுறது எண்டு கேட்டவுடன அது முடிஞ்சுது. கடைசியா நாங்கள் எடுத்தது நீளத்தை, நானும் அந்தப் பக்கம்தான்.

கோட்டா பேப்பரில வடிவு. ஆனா களப்பில கம்பு நட்டு நிறுத்திற சிறகுவலையில ஒரே இரவில ஒட்டி, ஓரா, திரளி, மணலை, இறால், நண்டு எல்லாம் கலவனாச் சேர்ந்துதான் விழும். ஓராவுக்குக் கோட்டா முடிஞ்சால் வலையையே தூக்கிறதோ, செத்த ஓராவைத் திரும்பத் தண்ணியில கொட்டிப்போட்டுப் பேசாமல் இருக்கிறதோ? ஐரோப்பாவில கொட்டக்கூடாது எண்ட சட்டத்தை 2015இல தொடங்கி 2019இல முழுசாக் கொண்டுவந்தும் அவையும் இதோடதான் மல்லுக்கட்டுகினம்.

இதைவிடப் பெரிய தலையிடி கணக்கு. கோட்டா இலக்கம் பழைய பிடிபாட்டில இருந்துதான் வரும். வெறும் பிடிபாட்டை வச்சே கடலில எவ்வளவு கிடக்கு எண்டு சொல்லுற மொடல் இருக்கு, மீன்வள ஆய்வாளர் மார்ட்டெலும் ஃப்ரோசேயும் 2013இல போட்டது அப்பிடி ஒண்டு, பிடிபாடு விழுந்தால் மீன் விழுந்துது எண்டுதான் அது அனேகமா எடுக்கும். இஞ்ச விழுந்தது மீனில்லாமலோ? யாழ்ப்பாணத்தில மயிலிட்டிச் சனம் யுத்தத்தால 1990இல இடம்பெயர்ந்தது, ஆமி துறைமுகத்தைத் திருப்பி விட்டது 2017இல, கடலுக்கே போகேலாத காலத்தையும் அந்த மொடல் மீனில்லாத காலம் எண்டுதான் வாசிக்கும். கோட்டா போட இன்னொரு விதி, படகுக்குச் சராசரியா எவ்வளவு எண்டு பாத்து கடைசி 2 வருசத்தை அதுக்கு முந்தின 3 வருசத்தோட ஒப்பிடுறது, அதை வச்சுக் கோட்டாவை ஒரேயடியா 20 வீதத்துக்கு மேல கூட்டவும் மாட்டினம் குறைக்கவும் மாட்டினம். நல்ல விதி, ஆனா அஞ்சு வருசம் ஒழுங்கா எழுதின கொப்பி வேணுமே. கரையில பெரிய மீனைத்தான் தனிய நிறுக்கிறது, மிச்சம் கலவன் எண்டு குவிச்சு ஏலத்தில போயிடும், அந்தக் குவியலுக்குள்ள ஓரா எத்தினை கிலோ எண்டு ஆர் எழுதினது? இந்தியாவில இருந்து கடல் எல்லை தாண்டி வந்து அடியோட வாரி இழுக்கிற இழுவை மடியள் கொண்டுபோறது எங்கட கொப்பியில வரவே வராது, இலங்கையில அந்தத் தொழில் 2017இலேயே தடை.

அடிமட்டம் வச்சு நீளம் அளக்கிறதுக்குப் பழங்கணக்கு வேண்டாம். நண்டெண்டால் ரெண்டு பக்க முள்ளு நுனிக்கும் இடையில அளக்கோணும், பொறுக்கி எடுக்காமல் வந்ததெல்லாத்தையும் அளக்கோணும், அவ்வளவுதான். பிடிக்காமல் விட்டிருந்தால் போடக்கூடிய முட்டையில இப்ப எத்தினை வீதம் மிஞ்சுது எண்டு அதில இருந்து கணிக்கலாம். 20க்குக் கீழ போனால் ஆபத்து, 40க்குக் கிட்ட எண்டால் நிம்மதி, பொதுவா அப்பிடித்தான் பாக்கிறது. நண்டின்ர செம்மஞ்சள் சினை கறுத்துதெண்டால் பொரிக்கப்போகுது, அதை விடுறதுக்கு மொடலும் தேவையில்லை.

இந்த நீள முறையிலயும் குறை இல்லாமலில்லை. வலைக்கண் ஒரு அளவு மீனைத்தான் பிடிக்கும், பெரிசு கொப்பியில இல்லையெண்டால் கடலிலும் இல்லையெண்டு சொல்லேலாது, அதுக்காகத்தான் சிறகுவலை, நண்டு வலை ரெண்டிலயும் அளக்கிறம். கணிக்கிறதுக்குத் தேவையான மீன் வளர்ற வேகம் வேற கடலில செய்த ஆய்வில இருந்து கடன் வாங்கினது. ஒரு வருசத்துக்குள்ள ஆயுள் முடியிற கணவாய்க்கு இந்த முறையை நான் நம்பேல்லை. புது வலைக்குக் காசு ஆர் தாறது எண்டு கேட்டவைக்குச் சங்கம் சொன்னது, பழசு கிழியுமட்டும் பாவியுங்கோ, அடுத்ததைப் பெரிய கண்ணில வாங்குங்கோ எண்டு.