உண்டியலா, கண்ணாடி ஜாடியா, வங்கிக் கணக்கா? சின்னக் குழந்தைக்கு எது பொருந்தும்?

குழந்தைக்குச் சேமிப்பைப் பழக்க நினைத்தால் இரண்டு விஷயங்களை முடிவு செய்ய வேண்டும். காசு எப்படி அதன் கைக்கு வரப்போகிறது, வந்த காசு எங்கே இருக்கப்போகிறது. பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் யோசித்து, அழகான உண்டியல் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். எனக்கு முதல் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் எங்கே வைப்பது என்பதிலிருந்தே தொடங்கலாம். இங்கே சொல்வதெல்லாம் நான்கு முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது.

மூடிய உண்டியலின் பலம், போட்டது போட்டதுதான் என்பது. பெரியவர்களின் கையைக் கட்டிப்போட அது உதவும். ஐந்து வயதுப் பிள்ளைக்கோ உள்ளே விழுந்த காசு கண்ணைவிட்டுப் போன காசு. குலுக்கினால் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா, எவ்வளவு கூடியிருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

கண்ணாடி ஜாடியில் காசு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இந்த வயதில் அது சாதாரண விஷயமில்லை. ஏழு வயதை ஒட்டித்தான் குழந்தைகள் தோற்றத்தைத் தாண்டி அளவை யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்று உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசை நாணயங்களை அடுக்கி, ஒன்றை மட்டும் இடைவெளி விட்டு நீட்டி வையுங்கள். நீளமான வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்பார்கள். மதிப்புள்ள ஒற்றை நாணயத்தையும் ஐந்து சில்லறைகளையும் காட்டினால், சின்னப் பிள்ளைகளில் பலர் ஐந்தைத்தான் எடுப்பார்கள். அதனால் சில்லறையாகவே கொடுங்கள். ஜாடி நிறைந்துவிட்டதே என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு நோட்டை வைத்துவிடாதீர்கள். உங்களுக்கு அது சமமான மாற்று. பிள்ளையின் கண்ணுக்கு ஜாடி காலி.

ஜாடியை இன்னும் உபயோகமாக்க ஒரு வழி உண்டு. ஒரு வண்ணப் பென்சில் பெட்டி வாங்க ஆசை என்று வையுங்கள். அதன் விலைக்கு எத்தனை நாணயம் வேண்டுமோ அத்தனையையும், எல்லாம் ஒரே வகை நாணயமாக, உங்கள் பையிலிருந்து எடுத்துப் பிள்ளையின் எதிரிலேயே ஜாடிக்குள் போடுங்கள். மட்டம் நிற்கும் இடத்தில் வெளியே ஒரு டேப்பை ஒட்டச் சொல்லுங்கள். பிறகு காசைத் திரும்ப எடுத்துவிடுங்கள். இனி எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது விளங்கும். செலவு, சேமிப்பு, பிறருக்கு உதவி என்று மூன்று ஜாடி வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் நான்கு வயதில் ஒன்றே போதும். ஆறு வயதுவாக்கில் பிரித்துக்கொள்ளலாம்.

வங்கிக் கணக்கு அவசியம் தொடங்குங்கள், ஆனால் அதைப் பாடமாக நினைக்க வேண்டாம். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாகத் தெரியும். 6 சதவீத வட்டிக்கு 12 வருடம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அதன் ஆயுளைப் போல் இரண்டு மடங்கு. அதைவிட, மாதக் கடைசியில் ஜாடியில் பத்து நாணயம் மிச்சமிருந்தால் பதினொன்றாவதை நீங்கள் போடுங்கள், வட்டி அங்கேயே புரிந்துவிடும். ஆப், கார்டு எல்லாம் எட்டு வயதுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை, நீங்கள் போனில் பணம் செலுத்தும்போது, நம் கணக்கில் இருந்த பணம் இவ்வளவு குறைந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால் போனிலிருந்து காசு தானாக வருகிறது என்றுதான் பிள்ளை நினைக்கும்.

சரி, காசு எப்படி வர வேண்டும்? கேட்கும்போதெல்லாம் கொடுப்பதை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். அதில் பிள்ளை கற்பது அடம் பிடிப்பதை மட்டும்தான். வேலைக்குக் காசு என்ற முறைக்கு நியாயம் இருக்கிறது: உழைத்தால்தான் பணம் என்பது தெரிய வேண்டியதுதானே? ஆனால் 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்த ஆய்வை நினைத்துப் பாருங்கள். படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு இஷ்டம்போல் விளையாட விட்டபோது, மற்றவர்களைவிட அந்தப் பிள்ளைகள்தான் குறைவாக வரைந்தார்கள். தன் படுக்கையை மடிப்பதற்கும் விலை வைத்துவிட்டால், ஒருநாள் "எனக்குக் காசு வேண்டாம், நான் மடிக்க மாட்டேன்" என்று பிள்ளை சொல்லும். பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. வீட்டு வேலை எல்லோருடைய பங்கு. அதற்கு மேற்பட்ட வேலைக்கு, ஏழு வயதுக்குப் பிறகு, கூலி கொடுக்கலாம்.

ஆகவே என் ஓட்டு வாரம் ஒரு சிறு தொகைக்கு, அதுவும் தவறாமல் ஒரே கிழமையில். தொகையைவிடக் கிழமை முக்கியம். இப்போது ஒன்று, பொறுத்தால் இரண்டு என்று மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாயை வைத்துக் குழந்தைகளின் பொறுமையைச் சோதித்த உளவியலாளர் வால்டர் மிஷலின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு பலருக்குத் தெரியும். பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் மேலாக இருந்தார்கள் என்றது அது. 2018இல் அதிக எண்ணிக்கையிலான பிள்ளைகளை வைத்துச் சரிபார்த்தபோது, அந்தப் பொறுமைக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் இருந்த தொடர்பு பாதியளவே தெரிந்தது. குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்தது. எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்தது. நல்ல வண்ணக் குச்சிகள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சில பிள்ளைகளிடம் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். மற்றவர்களுக்குச் சொன்னபடி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அதே மார்ஷ்மெல்லோ சோதனை. ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடம் பொறுத்தார்கள், வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் 12 நிமிடம். சொன்ன சொல் நடக்காத இடத்தில் காத்திருப்பது நஷ்டம் என்பது மூன்று, நான்கு வயதிலேயே புரிந்துவிடுகிறது.

இதை வைத்துப் பார்த்தால், எந்த ஜாடி, எந்த உண்டியல் என்பதைவிட நம் நடத்தைக்குத்தான் எடை அதிகம். உறவினர் கொடுத்த காசை "நான் வைத்திருக்கிறேன்" என்று வாங்கி அப்படியே மறந்துவிடுகிறோம். அவசரத்துக்கு உண்டியலில் கைவைத்துவிட்டு, பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது என்று இருந்துவிடுகிறோம். கைமாத்தாக எடுக்கத்தான் வேண்டுமென்றால் பிள்ளையிடம் கேட்டு எடுங்கள். எடுத்த எண்ணிக்கையையும் திருப்பித் தரும் கிழமையையும் சீட்டில் எழுதி ஜாடிக்குள் போடுங்கள். அந்தக் கிழமையில் ஒரு நாணயம் கூடவே சேர்த்து வையுங்கள்.

சேர்த்த காசில் பிள்ளை இரண்டு நாளில் உடையப்போகும் பொம்மையை வாங்க நினைத்தால், ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பிறகு வாங்க விடுங்கள். உடைந்து அழுதால் தேற்றுங்கள். அடுத்த காசு மட்டும் அதற்குரிய கிழமையில்தான் வர வேண்டும்.