பயன்படுத்திய மேசை ரம்பம் வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

‘முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்டது, எல்லா உறுப்புகளும் உள்ளன, உடனே வேலைக்கு எடுக்கலாம்’ என்று எழுத்தில் கொடுத்த உறுதியின்பேரில், பயன்படுத்திய மேசை ரம்பம் ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வந்து இறங்கிய இயந்திரத்தில் பிளேடை மூடும் கார்டு இல்லை. பிளேடுக்குப் பின்னால் நிற்கவேண்டிய ரைவிங் நைஃப் என்ற எஃகுத் தகடு இல்லை. அதைத் தாங்கும் பிடிமானமே கிரைண்டரால் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. மின்சாரம் போய்த் திரும்பும்போது ரம்பம் தானாக ஓடாமல் தடுக்கும் சுவிட்சின் இடத்தில், விளக்குக்குப் போடும் சாதாரண சுவிட்சு ஒன்று திருகப்பட்டிருந்தது. விற்றவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்படிப்பட்ட இயந்திரங்கள் பல கைகள் மாறி விற்பனைக்கு வருகின்றன என்பதால், ஆளைவிட ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

பணம் கொடுக்குமுன், இயந்திரத்தை ஓட்டிக் காட்டும் காணொளி ஒன்றை அவர் அனுப்பியிருந்தார். அதில் ஒரு பிளைவுட் பலகை எந்தத் தடங்கலும் இல்லாமல் நேராக அறுபட்டது; மோட்டாரின் ஓசையும் சீராகவே இருந்தது. காணொளியில் பிளைவுட் இடம்பெற்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பிளைவுட்டில் மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் உள்ளிருக்கும் இறுக்கம் பெரும்பாலும் சமன்பட்டிருக்கும். அறுத்த இரு பாதிகளும் வைத்த இடத்தில் அப்படியே கிடக்கும். முழுமரத்தின் குணம் வேறு. சரியாக உலராத மரத்திலும், கணுவைச் சுற்றி நார் திரும்பிய மரத்திலும் இறுக்கம் உள்ளே அடங்கியிருக்கும். நீளவாக்கில் கிழிக்கும்போது அது விடுபட்டு, அறுத்த தடம் மூடிக்கொண்டு வந்து பிளேடின் பின்பகுதியைக் கவ்வும். ரைவிங் நைஃப் இல்லாத குறையைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பொருளை ஒதுக்கிவிட்டு, காட்டிக்கொடுக்காத பொருளை அறுத்துக் காட்டியிருக்கிறார்கள். கேமராவும் கடைசிவரை பிளேடின் முன்பக்கத்தைவிட்டு நகரவில்லை.

பின்பக்கத்தில் ஒரு தகடு இல்லாததற்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழன்றால், பல்லின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேசைக்கு அடியிலிருந்து எழும்பி, பிளேடின் உச்சியைக் கடந்து, அறுப்பவரை நோக்கி வருகின்றன. மரம் அந்தப் பின்பற்களில் சிக்கினால், பற்கள் அதைத் தூக்கி அறுப்பவர்மேல் எறிந்துவிடும். கிக்பேக் என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். மரம் வயிற்றில் வந்து மோதுவது ஒரு பக்கம் இருக்க, மரத்தைப் பிடித்திருந்த கை அதே கணத்தில் பிளேடை நோக்கி இழுபடுவது அதைவிடக் கொடியது; கையை எடுக்கவேண்டும் என்று மனம் நினைப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

ரைவிங் நைஃப் என்பது பிளேடின் வளைவை ஒட்டியபடி அதன் பின்னால், அறுத்த தடத்துக்குள் நிற்கும் எஃகுத் தகடு. தடம் மூடிக்கொள்ள அது விடாது. மரம் பக்கவாட்டில் திரும்பிப் பின்பற்களை எட்டவும் விடாது. பிளேடின் உடல் தடிமனைவிடச் சற்று அதிகமாகவும், பற்கள் அறுக்கும் தடத்தின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாகவும் அதன் தடிமன் இருக்கவேண்டும். பற்களுக்கும் அதற்கும் இடையிலுள்ள இடைவெளி பொதுவாக 3 முதல் 8 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். ஆகவே, எந்த இயந்திரத்தின் தகட்டையாவது கழற்றி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். பிடிமானத்தையே அறுத்துவிட்ட இயந்திரத்தில், சரியான தகடு கிடைத்தாலும் மாட்ட இடமில்லை.

இதைப் பற்றி நான் முறையிட்டபோது விற்பனையாளர் சொன்ன பதில், இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் பதில்தான்: “வேலை தெரிந்தவர்கள் யாருங்க இதையெல்லாம் மாட்டுகிறார்கள்? முதல் நாளே கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள்.” இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது என்பதை மறுக்கமுடியாது. முன்பு வந்த இயந்திரங்களில் இருந்தது நிலையாகப் பொருத்தப்பட்ட பிரிப்புத் தகடு. பிளேடை ஏற்றினாலும் இறக்கினாலும் அது தன் இடத்திலேயே உயர்ந்து நிற்கும். கார்டும் அதன் தலையிலேயே மாட்டியிருக்கும். மரத்தில் பாதி ஆழத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கவேண்டுமானால் இரண்டையும் சேர்த்துக் கழற்றியே தீரவேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டச் சலிப்புப்பட்டு அப்படியே விட்டவர்கள் ஏராளம். ரைவிங் நைஃப் அந்தத் தொல்லைக்கு வந்த தீர்வு. அது பிளேடோடு சேர்ந்து ஏறும், இறங்கும், சாயும். பிளேடின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்வாக வைக்கமுடியும் என்பதால் காடி எடுக்கும்போதும் கழற்றவேண்டியதில்லை. பழைய தகட்டுக்குச் சொன்ன சாக்கைப் புதிய தகட்டுக்கும் சொல்வது அறியாமையாக இருந்தால் மன்னிக்கலாம். விற்கிற பொருளில் அது இல்லாதபோது சொல்வதை வியாபாரத் தந்திரம் என்றுதான் எடுத்துக்கொள்ளமுடியும்.

சுவிட்சு விஷயத்தில் அவர்கள் செய்திருந்தது இன்னும் மோசம். நல்ல மேசை ரம்பத்தில், மின்சாரம் நின்றால் தானே விடுபட்டு, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை ஓடாத வகைச் சுவிட்சு இருக்கும். பழுதான அதன் காந்தச்சுருளை மாற்றுவதற்குப் பதிலாக, சுவிட்சையே எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்சைப் போட்டிருந்தார்கள். அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது என்று வையுங்கள். சிக்கிய மரத்தை எடுக்க ஒருவர் பிளேடருகே கையைக் கொண்டுபோகிறார். அந்நேரம் மின்சாரம் திரும்புகிறது. மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. இதைச் சோதிப்பது எளிது: பிளேடைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓடவிட்டு, சுவர்ச் சுவிட்சை அணைத்து, மோட்டார் நின்றபின் மீண்டும் போடவேண்டும். மோட்டார் தானாகச் சுழன்றால் அந்த இயந்திரத்தை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

பிளேடைக் கழற்றியபோது வேறொன்று தெரிந்தது. தண்டின் விட்டம் 25.4 மில்லிமீட்டர், பிளேடின் துளையோ 30 மில்லிமீட்டர். இந்த வேறுபாட்டைச் சரிசெய்யத் துல்லியமாகக் கடைந்த வளையம் விற்கிறது, இறுக்கமாகப் பொருந்தும். இவர்கள் போட்டிருந்ததோ தண்டைச் சுற்றிச் சுருட்டிய ஒரு தகரப் பட்டை. அதன் ஒரு விளிம்பில் பச்சைப் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ டப்பாவிலிருந்து கத்தரித்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தகரம் நசுங்க நசுங்கப் பிளேடு மையம் விலகும், அதிர்வு கூடும், தடம் அகலும். துரு போக உப்புத்தாளால் தேய்த்திருந்ததில், பிளேடின் முகத்தில் அச்சிட்டிருக்கவேண்டிய உச்ச சுழல்வேகமும் அழிந்துபோயிருந்தது. அந்த எண் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் மாட்டவே கூடாது. எண்ணே தெரியாத பிளேடையும் அப்படித்தான் ஒதுக்கவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கவைத்தது மின்கம்பி. பிளக்கில் மூன்று ஊசிகள் இருந்தன. ஆனால் பிளக்கின் எர்த் ஊசிக்கும் மேசையின் வெற்று இரும்புக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் தொடர்பே காட்டவில்லை. மூடியைத் திறந்து பார்த்த மின்பணியாளர், எர்த் கம்பி வெட்டப்பட்டு, மடித்து, டேப்புக்குள் சுற்றி வைக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். மோட்டார்ச் சுருளில் கசிவு இருப்பதையும் அளந்து சொன்னார். எர்த் சரியாக இருந்திருந்தால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கசிவுக் காப்புச் சுவிட்சு விழுந்திருக்கும்; அது விழாமலிருக்க எர்த்தை வெட்டிவிட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. எனக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை. கசிவு அப்படியே இருக்கிறது. இயந்திரத்தின் இரும்பைத் தொடுகிறவரின் உடல்வழியே தரைக்குப் போகக் காத்திருக்கிறது. கையில் பிடித்து வேலைசெய்யும் கருவிகளில் சதுரத்துக்குள் சதுரம் பொறித்திருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள கருவி. அதற்கு எர்த் தேவையில்லை. இரும்பு மேசை கொண்ட, மூன்று ஊசி பிளக்குடன் வந்த ரம்பத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

விளம்பரத்தில் ‘பிரேக் உள்ளது’ என்றும் எழுதியிருந்தார்கள். நான் விளக்கம் கேட்டபோது, விரல் பட்டால் ரம்பம் நின்றுவிடும் என்ற பொருள்படப் பேசினார்கள். இவை இரண்டும் ஒன்றல்ல. மோட்டாரில் உள்ள பிரேக், சுவிட்சை அணைத்தபின் பிளேடு வெகுநேரம் சும்மா சுழன்றுகொண்டிருக்காமல் சில நொடிகளில் நிற்கவைக்கும், அவ்வளவுதான். விரல் பட்ட மாத்திரத்தில் 5 மில்லிநொடி அளவுக்குள் பிளேடை நிறுத்தும் அமைப்பு முற்றிலும் வேறு. அமெரிக்கரான ஸ்டீபன் காஸ் 1999-இல் அதை உருவாக்கினார். அதில் ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பற்களில் புதைந்து பிளேடை நிறுத்தும். ஒருமுறை இயங்கினால் அந்தக் கட்டை அடங்கிய பெட்டகத்தையும் பொதுவாகப் பிளேடையும் மாற்றவேண்டும். பயன்படுத்திய இயந்திரத்தில் இந்த வசதி உண்டு என்று யாராவது சொன்னால், பெட்டகத்தைக் கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அதற்குப் பதிலாக ஒரு ஆங்கிள் கிரைண்டரை ‘அன்பளிப்பாக’ அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பியும் வைத்தார்கள். அதில் மரம் அறுக்கப் பல் வைத்த வட்ட பிளேடு மாட்டி, கார்டைக் கழற்றியிருந்தார்கள். ஒரு ஆபத்துக்கு ஈடாக இன்னொன்றைத் தரலாம் என்று யோசித்தவரை என்னவென்று சொல்வது! சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுவரை ஓடக்கூடியது. அதன் கார்டும் பிடியும் தேய்ப்பதற்கும் உலோகம் வெட்டுவதற்குமான சக்கரங்களுக்காக அமைந்தவை. பல் பிளேடு மரத்தில் கவ்வினால் கருவி கையைவிட்டுத் துள்ளி உடம்பின்மேலேயே பாயும். பிளேடைக் கழற்றி உடைத்து எறிந்துவிட்டேன்.

இனி வாங்குபவர்கள் கேட்கவேண்டியவற்றைச் சொல்கிறேன். மாதிரி எண்ணும் சுழல்வேகமும் உள்ள பெயர்த்தகட்டின் தெளிவான படம் வேண்டும். அந்த மாதிரியின் கையேட்டிலுள்ள உறுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டால் எது குறைகிறது என்பது தெரிந்துவிடும். காணொளி கேட்டால், பிளேடின் பின்பக்கத்திலிருந்து, ரைவிங் நைஃப் பிளேடோடு ஏறி இறங்குவது தெரியும்படி கேளுங்கள். அறுப்பது முழுமரமாக இருக்கட்டும். நேரில் போக முடிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரே பல்லை முன்னும் பின்னும் சுழற்றி, மேசையில் உள்ள காடியிலிருந்து அதன் தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். மரத்தை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டமான ஃபென்ஸையும் அதே காடியோடு ஒப்பிடுங்கள்: பின்முனை பிளேடை நோக்கி ஒரு மயிரிழை சாய்ந்தாலும் மரத்தை நெருக்கிக் கிக்பேக்கை வரவழைக்கும். எதிர்ப்புறம் மிகச் சற்று விலகியிருந்தால் பெரிய கேடில்லை.

‘கார்டு தனியாக அனுப்புகிறோம்’ என்று சொல்பவரிடம், அது வந்து சேரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதுவரை, பக்கவாட்டில் நின்று, தள்ளுகட்டை வைத்து, கவனமாக அறுத்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தள்ளுகட்டையும், பிளேடின் நேர்க்கோட்டைவிட்டு விலகி நிற்பதும், கையுறை போடாமல் இருப்பதும் எல்லா உறுப்புகளும் உள்ள ரம்பத்துக்கே கட்டாயமானவை; இல்லாத தகட்டுக்கு அவை மாற்றாகா.

என் விஷயத்தில், மின்பணியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும், வெட்டிய எர்த் கம்பி, தகரப் பட்டை, அறுத்த பிடிமானம் ஆகியவற்றின் படங்களையும், விளம்பரத்தின் நகலையும் சேர்த்து அனுப்பிய பிறகு, விற்பனையாளர் தொகையில் ஒரு பகுதியை மட்டும் திருப்பித் தந்தார். எஞ்சியதற்கு முறையீடு நிலுவையில் இருக்கிறது. இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு யாருக்காவது விற்றுவிடுகிறேன் என்று அவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. மோட்டாரை மட்டும் கழற்றிச் சுருள் கட்டக் கொடுத்திருக்கிறேன். மேசையும் சட்டமும் பழைய இரும்புக்குப் போகும்.