பாசி மருந்துக்கு முன்னால் வாங்க வேண்டிய நீலப் பெட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் மகள் வாங்கிப்போட்ட வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். பெருக்கினால் 21,600 லிட்டர். மகளுக்குக் கோலாலம்பூரில் வேலை. வார இறுதியில் வீட்டை வாடகைக்கு விடுகிறாள். குளத்தைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என் தலையில். நான் முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவன். காலையில் ஆள் கூடும் பெரட்டில் ஆள் கணக்கும் ஸ்டோரில் ரப்பர்ப் பால் கணக்கும் எழுதிய கைக்கு, ஓய்வு பெற்ற பிறகு தண்ணீர்க் கணக்கு வந்து சேர்ந்தது.

இங்கே நான் எழுதுவது டெய்லர் கே-2006 என்ற தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பற்றி. கப்பல் செலவோடு ஐந்நூறு வெள்ளியை (ரிங்கிட்) தொட்டது. சொட்டு மருந்து போட்டு நிறம் பார்க்கிற பெட்டிக்கு ஐந்நூறா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அதை வாங்குவதற்கு முன் நான் எவ்வளவு காசைத் தண்ணீரில் கரைத்தேன் என்று சொன்னால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

2024 செப்டம்பர் கடைசியில் குளத்துச் சுவரில் லேசாக வழுக்கல் தட்டியது. ஏணிக்குப் பின்னால் விரலை வைத்துத் தேய்த்தால் பச்சை ஒட்டியது. வாரம் ஒருமுறை வந்து பார்க்கிற பையன் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, "குளோரின் எல்லாம் சரியாத்தான் இருக்கு அங்கிள்" என்றான். அடுத்த வாரம் படியின் கடைசிக் கல் கண்ணுக்குத் தெரியவில்லை. அவனை அனுப்பிய கடைக்கே போனேன். பெயர் வேண்டாம். பாசிக்கொல்லி இரண்டு பாட்டில், பாஸ்பேட் நீக்கி ஒரு பாட்டில், மொத்தம் 280 வெள்ளி. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், உரம் காற்றில் பறந்து வந்து குளத்தில் விழுகிறது, பாசி அதைத் தின்று வளர்கிறது என்று கடைக்காரர் விளக்கம் சொன்னார். உரம் போடுகிறவர்களோடு முப்பது வருடம் நடந்தவனிடம் இதைச் சொன்னார் பாருங்கள். பாஸ்பேட் பாசிக்குத் தீனி என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரில் குளோரின் தெம்பாக இருந்தால் தீனி இருந்தும் தின்ன பாசி இருக்காது. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பாட்டில்களை ஊற்றினேன். குளம் பச்சையாகவே இருந்தது. கூடுதலாகப் படிக்கட்டின் வெள்ளைச் சுண்ணாம்பில் நீலப்பச்சையாக ஒரு கறை வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டிலின் பின்பக்க எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால், உள்ளே இருப்பது செம்புச் சல்பேட்டு. நம் ஊர்ப் பேச்சில் மயில்துத்தம். செம்பு பாசியைக் கொல்லும், பொய்யில்லை. ஆனால் தண்ணீரை விட்டுத் தானாகப் போகாது. ஊற்ற ஊற்றச் சேர்ந்து சுவரில் கறையாகும், வெளுத்த முடியைப் பச்சையாக்கும். அக்டோபர் 31 தீபாவளி. நாலு நாளுக்கு ஆள் பதிந்திருந்தார்கள். குளமோ அல்லிப்பூ விடத் தயாராக இருந்தது.

அப்போதுதான் எனக்கு மெட்ரோலாக் நினைவுக்கு வந்தது. ஸ்டோரில் பால் அளக்கும்போது அந்தக் கண்ணாடிக் குழாயைப் பாலுக்குள் மிதக்கவிடுவோம். எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டிக்கொடுக்கும். வாளியின் எடையைப் பார்த்து மட்டும் எந்தக் கிராணியும் செக்ரோல் பதிவேட்டில் எழுத மாட்டான். அப்படிப்பட்ட நான் குளத்தின் நிறத்தைப் பார்த்து மருந்து வாங்கியிருக்கிறேன். அன்றிரவே மகளிடம் சொல்லி இணையத்தில் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நாளில் வந்து சேர்ந்தது.

நீலப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே சொட்டு பாட்டில்கள், கோடு போட்ட குழாய், வெள்ளைப் பொடி, அதை அள்ளச் சின்னக் கரண்டி, ஆங்கிலத்தில் ஒரு கையேடு. குளோரின் சோதனைதான் இதன் உயிர். 10 மில்லி தண்ணீரில் பொடியைப் போட்டால் குளோரின் இருந்தால் ரோஜா நிறம். அப்புறம் சொட்டுச் சொட்டாக இன்னொரு மருந்தை விட்டுச் சுழற்ற வேண்டும். நிறம் சட்டென்று மறைகிற சொட்டோடு நிறுத்தி எண்ணினால், ஒரு சொட்டுக்கு 0.5 பிபிஎம். பிபிஎம் என்றால் ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், அவ்வளவுதான். இளஞ்சிவப்பா கருஞ்சிவப்பா என்று அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணைக் கசக்க வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். எண்ணுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணினேன். குளோரின் சுழி. அது எதிர்பார்த்ததுதான், பச்சைக் குளத்தில் போடுகிற குளோரினைப் பாசியே தின்றுவிடும். நிஜமான விஷயம் அடுத்த சோதனையில் இருந்தது: சயனூரிக் அமிலம், கடைகளில் ஸ்டெபிலைசர் என்பார்கள். வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும். இந்த அமிலம் அதற்குக் குடை பிடிக்கும். ஆனால் அளவு மீறினால் குடை பிடிக்கிறேன் என்று கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், குளோரின் இருந்தும் வேலை செய்யாது. 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. சோதனை எளிது. மருந்து கலந்து கலங்கிய தண்ணீரைக் குழாயில் மெல்ல ஊற்ற வேண்டும். அடியில் இருக்கும் கரும்புள்ளி மறைகிற இடத்தில் குழாயில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் அளவு. எனக்குக் குழாய் நிறைவதற்கு எவ்வளவோ முன்னாலேயே புள்ளி காணாமல் போனது, 100-க்கு மேல் என்று அர்த்தம். பாதிக்குப் பாதி பைப்புத் தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன். 80. இரண்டால் பெருக்கினால் 160.

இது எங்கிருந்து வந்தது? பையன் மிதவையில் போட்ட வெள்ளை மாத்திரையிலிருந்து. 200 கிராம் டிரைகுளோர் மாத்திரை ஒன்று என் குளத்துக்குச் சுமார் 8 பிபிஎம் குளோரின் தரும், கூடவே 5 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுப்போகும். குளோரின் செலவாகிவிடும், அமிலம் ஆவியாகாது, அங்கேயே கிடக்கும். தோட்டத்துக் கொட்டகையில் காலி வாளியை எண்ணினேன். 5 கிலோ வாளி ஒன்றரை தீர்ந்திருந்தது. 37 மாத்திரை. மழையில் வழிந்ததையும் வடிகட்டியைக் கழுவிய தண்ணீரையும் கழித்தால் 160 அப்படியே ஒத்துப்போனது. பையனின் பட்டை பொய் சொல்லவில்லை, குளோரின் 2, 3 இருந்திருக்கும். 160-க்கு அது போதாது. தண்ணீரில் இருக்கிற சயனூரிக் அளவில் நூற்றுக்கு ஏழரை பங்காவது குளோரின் இருந்தால்தான் பாசி அண்டாது. அந்தக் கணக்கில் 12 வேண்டும். முளைத்துவிட்ட பாசியைக் கொல்ல நூற்றுக்கு 40 பங்கு, அதாவது 64. நடக்கிற காரியமில்லை.

இனி வழி ஒன்றுதான், தண்ணீரை மாற்றுவது. ஒரேயடியாக வற்றவிடக் கூடாது. மழைக் காலத்தில் நிலத்தடி நீர் ஏறியிருந்தால் வெறும் தொட்டியைக் கீழிருந்து தூக்கிவிடும், விரிசல் விடும். அதனால் பாதியை லோங்காங்கில், அதாவது சாக்கடையில் விட்டு நிரப்பினேன். மறுநாள் மறுபடி பாதி. 160 எண்பதாகி, எண்பது நாற்பதானது. பெட்டியில் பார்த்தால் கணக்குத் தப்பவில்லை. தண்ணீர் பில் ஏறியதுதான், ஆனால் அந்த 280 வெள்ளிக்குப் பக்கத்தில் வராது.

அப்புறம் பசாருக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, அவரிடம் 10 சதவீதத் திரவக் குளோரின் ஒரு டிரம் எடுத்தேன். இன்னும் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார். "என்ன கிராணி, கோழிப் பண்ணை வெச்சிட்டியா?" என்றார். பண்ணைக்காரர்கள் கழுவ வாங்குகிற அதே சரக்கு. இதில் சயனூரிக் அமிலம் கிடையாது. என் குளத்துக்கு ஒரு லிட்டர் விட்டால் சுமார் நாலரை பிபிஎம் ஏறும். முதலில் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2-க்கு இறக்கினேன், குளோரின் 10-ஐத் தாண்டினால் பிஎச் சோதனையை நம்ப முடியாது. பிறகு மூன்றரை லிட்டர், 16 பிபிஎம். இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் 5. மீண்டும் ஊற்றல், மீண்டும் அளத்தல். நடுவே நீளக் கம்புத் துடைப்பத்தால் சுவர், தரை, படியின் மூலை எல்லாம் தேய்த்தேன். தேய்க்காத பாசிக்குள் மருந்து இறங்காது. பம்பை இரவும் பகலும் ஓட விட்டேன். மணல் வடிகட்டியின் அழுத்தமானி வழக்கத்தைவிட 8 பிஎஸ்ஐ ஏறும் போதெல்லாம் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவினேன். இரண்டாம் நாள் பச்சை போய்ச் சோறு வடித்த கஞ்சி நிறம். பயப்பட வேண்டாம், அது செத்த பாசி.

நாலாம் நாள் அடிக்கல் தெரிந்தது. மகள் தொலைபேசியில், "முடிஞ்சிடுச்சாப்பா?" என்றாள். பெட்டி முடியவில்லை என்றது. பொழுது சாய்ந்த பிறகு ஒருமுறை, விடிவதற்கு முன் ஒருமுறை குளோரினை அளக்க வேண்டும். இரவில் வெயில் இல்லை. ஆகவே குளோரின் 1-க்கு மேல் குறைந்தால் எங்கோ பாசி தின்கிறது என்று அர்த்தம். எனக்கு 2.5 குறைந்தது. தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறது, ஆனால் திருடன் உள்ளே. எங்கே என்று அரை நாள் தேடினேன். மின்சாரத்தை அடைத்துவிட்டுச் சுவர் விளக்கின் திருகைக் கழற்றி இழுத்தேன். பின்னால் இருந்த குழியில் பச்சைப் பஞ்சு. ஏணியின் உள்கூடான குழாயிலும் அதே. இரண்டையும் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் இரவுக் குறைவு 0.5. ஐந்து நாளில் ஏறக்குறைய 20 லிட்டர் குளோரின் செலவு. கறையைத் தவிர எல்லாம் போனது. தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தார்கள். அது வேறு தலைவலி.

இப்போது தினமும் சாயங்காலம் முக்கால் லிட்டர் ஊற்றுகிறேன், 4-க்கும் 6-க்கும் இடையில் நிற்கிறது. பாசிக்கொல்லி வாங்குவதில்லை. மாத்திரையை அடியோடு விடவில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் மகள் வீட்டில் நாலு நாள் தங்கினால் ஒன்றை மிதவையில் போட்டுவிட்டுப் போவேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: மாத்திரையையும் குருணைக் குளோரினையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும். குளோரின் பக்கத்தில் அமிலத்தை வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் நச்சுப் புகை. பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமில ஜாடிகளோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு இது பழக்கம். என் கொட்டகையில் இரண்டும் இரண்டு மூலையில் இருக்கின்றன.

பெட்டியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கையேட்டில் எழுத்துப் பொடி, மூக்குக் கண்ணாடி இல்லாமல் முடியாது. குளோரின் சொட்டு பாட்டில் சின்னது. பச்சைக் குளத்தோடு மல்லுக்கட்டினால் ஒரு வாரத்தில் பாதி காலி. மறுநிரப்பு இந்த ஊரில் கிடைப்பதில்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டும். அதனால் பெட்டி வாங்கும்போதே அந்த ஒரு பாட்டிலைக் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள். மருந்துகளைத் தகரக் கொட்டகை வெக்கையில் வைத்தால் கெட்டுவிடும். எங்கள் வீட்டில் அலமாரியில் காப்பித் தூளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

அந்தக் கரும்புள்ளிச் சோதனையும் ஆளுக்கு ஆள் மாறும். வெயிலுக்கு முதுகைக் காட்டி, குழாயை இடுப்பளவில் பிடித்துப் பார்க்க வேண்டும். போன வாரம் நான் 50 என்றேன். "என்னங்க, புள்ளி இன்னும் நல்லாவே தெரியுது" என்று மனைவி 40-இல் நிறுத்தினாள். கண்புரை அறுவை செய்துகொண்டவள் அவள்தான், அதனால் அவள் சொன்னதையே எழுதி வைத்தேன்.