கேரட் கழுவும் மெஷினும் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸும்: ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு

கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் கேரட் போடும் நண்பர் போன வாரம் கேட்டார். "உங்க மெஷினுக்கு என்ன கிரீஸ் போடறீங்க? எனக்கு ஆறு மாசத்துல ரெண்டு பேரிங் போயிடுச்சு." போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கேரட் கழுவும் மெஷின் ஊட்டியை அடுத்த முத்தோரை பாலாடா பக்கம். எல்லோரிடமும் இருக்கும் அதே டிரம், அதே மோட்டார். தலைவலி டிரம்மின் இரண்டு முனையிலும் பேரிங்கைப் பிடித்திருக்கும் கூடு, அதாவது பிளம்மர் பிளாக்தான். முதலில் சாதாரண லித்தியம் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் "நீலம் தண்ணிக்கு நல்லது" என்பார்கள், அடுத்த கடையில் "சிவப்புதான் சூடு தாங்கும்" என்பார்கள். நிறம் வெறும் சாயம் என்று சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

போன பேரிங்கைக் கழற்றினால் உள்ளே கிரீஸே இல்லை. பால் தூக்கலாக விட்ட காபி நிறத்தில் ஏதோ குழம்பு, விரலில் தேய்த்தால் மண் நறநறவென்றது. தண்ணீர் எப்போது உள்ளே போகிறது? நிறுத்திய பிறகு. மூன்று மணி நேரம் ஓடிச் சூடான பேரிங் மேல் ஓஸைப் பிடித்துப் பச்சைத் தண்ணீர் அடிக்கிறோம். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. இது புரிவதற்குள் நாலு பேரிங் போய்விட்டது.

அப்புறம்தான் கால்சியம் சல்ஃபோனேட். விலை சாதாரண லித்தியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் தண்ணீர் கலந்தாலும் இளகி ஓடுவதில்லை, துருவும் பிடிக்க விடுவதில்லை. போன மாதம் சீலைத் தூக்கிப் பார்த்தேன். வைத்த கிரீஸ் வைத்தபடி இருந்தது, மண் எல்லாம் வெளி விளிம்பிலேயே நின்றுவிட்டது. ஒன்றரை வருஷமாக அதே பேரிங். எச்1 (உணவுப் பொருளில் தற்செயலாகப் படக்கூடிய இடத்துக்கான தரம்) என்று போட்ட டப்பாவாகப் பார்த்து வாங்கினேன், தப்பித்தவறி கேரட்டில் ஒரு சொட்டு பட்டாலும் பயமில்லை.

கிரீஸை மாற்றியது பாதிதான். பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் புதிதை வைக்க வேண்டும். கழுவி முடித்ததும் டிரம்மைச் சும்மா சுற்றவிட்டு கிரீஸ் கன்னின் லிவரை இரண்டு தடவை அழுத்திக் கிரீஸ் கொடுத்தால் உள்ளே போன தண்ணீரும் வெளியே வந்துவிடும். மெதுவாகச் சுற்றும் டிரம் பேரிங்கில் தாராளமாக வைக்கலாம். வேகமாகச் சுற்றும் மோட்டார் பேரிங்கில் அப்படி அடைத்தால் சூடேறிப் போகும். இந்தக் கன்னை மோட்டார் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மோட்டார் பேரிங்கில் பாலியூரியா என்ற வேறு வகை கிரீஸ் இருந்து இரண்டும் கலந்தால் இளகிவிடலாம்.

இவ்வளவு நல்ல சாமான் மேல் எனக்கு என்ன கோபம்? ஜனவரி. விடியற்காலை உறைபனியில் டப்பாவைத் திறந்தால் உள்ளே மெழுகு. என் டப்பாவில் கிரேடு 2 (எண் கூடினால் கிரீஸ் கெட்டி), உள்ளே இருக்கும் எண்ணெயின் தடிமன் 460 என்று போட்டிருக்கிறது. அந்தக் குளிரில் இது கன்னில் ஏறாது. ஏறினாலும் நடுவில் காற்று நிற்கும், பத்து தடவை அழுத்தினாலும் பேரிங்கில் கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் ஒரு சொட்டுகூட வராது. கன்னை அடுப்போரம் வைத்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது கன்னை வெந்நீர் வாளியில் வைக்கிறேன். கிரேடு 1 இருந்தால் இந்தப் பாடு குறையும். மேட்டுப்பாளையத்தில் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று மறுபடி 2-ஐயே எடுத்து வைக்கிறார்கள்.

சரி, வாங்கலாமா? இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். லிவரை அழுத்தி அழுத்தி உள்ளங்கையில் கொப்புளம். மார்ச்சில் கேட்டால் வேறு பதில் வரும். லோடு லாரி ஹாரன் அடிக்கிறது, கன் இன்னும் வாளிக்குள் கிடக்கிறது.