வாக்குத்தத்த அட்டையா, வருட வாசிப்பா?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் இருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில், அதாவது கர்த்தரின் வாக்குறுதி வசனம் ஒன்று அச்சிட்ட அட்டைகளில், ஒன்றை எடுத்து வருவது எங்கள் வீட்டு வழக்கம். நான்கு வருடங்களாக அதோடு வேதாகமத்தை அட்டவணைப்படி வரிசையாக வாசித்தும் பார்க்கிறேன். கர்த்தரை நம்பவும் அவர் சொல் கேட்டு நடக்கவும் எது அதிகம் உதவியது என்று கேட்டால், நான் அட்டவணையின் பக்கம்.

அட்டையின் வசதி தெரிந்ததுதான். ஐந்து விநாடி வேலை, வருடம் முழுக்க பர்சில் இருக்கும். அதைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் மொராவியர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் சீட்டுப்போட்டு எடுத்த வசனங்களை நாளுக்கு ஒன்றாக 1731லேயே அச்சிட்டவர்கள். சின்னப் பாரம்பரியம் இல்லை.

நான் வைத்திருக்கும் அட்டவணை, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842இல் தன் சபைக்காகப் போட்டது. தினமும் நான்கு இடங்களில் வாசிக்க வேண்டும். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை முடியும். எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. முதல் வருடம் வேதாகமத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுபோனேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எனக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம். அட்டையில் வாக்குத்தத்தம் வரும், கட்டளை வராது. 'உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்' என்று வருடத்துக்கான அட்டை கிடைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நம்புவதற்கு வசனம் கிடைக்கிறது, கீழ்ப்படிய ஒன்றும் கிடைப்பதில்லை.

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த வருடம் எனக்குக் கிடைத்தது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' சொந்த ஊருக்கே மாற்றல் வந்துவிடும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். கட்டில் வாங்கவில்லை, பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. ஜூன் போனதும் நம்பிக்கை கோபமாக மாறியது. ஜெபிக்க உட்கார்ந்தால் கணக்குக் கேட்கத்தான் வாய் வந்தது.

ஆகஸ்டில் அட்டவணை அதே அதிகாரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம். பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. சீக்கிரம் திரும்பலாம் என்று ஆறுதல் சொன்ன தீர்க்கதரிசிகளைக் கர்த்தர் தாம் அனுப்பவில்லை என்கிறார். ஐந்தாம் வசனம் வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்கிறது, தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடச் சொல்கிறது. ஏழாம் வசனம் சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கச் சொல்கிறது. என் அட்டைக்கு ஆறு வசனம் மேலே என் வேலை எழுதியிருந்தது. எட்டு மாதமாக நான் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

செய்யப் பிடித்ததா என்றால், இல்லை. நாக்பூருக்காக ஜெபிக்க மூன்று வாரம் ஆனது. அப்புறம்தான் கட்டில் வந்தது.

ஒரு இடத்தில் மட்டும் நான் அடக்கி வாசிக்க வேண்டும். அம்மாவின் அறுவை சிகிச்சை சமயத்தில் அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு அட்டை வசனம். வார்டில் நான்கு அதிகாரம் வாசிக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? எனக்கு வந்தது மாற்றல் பிரச்சினை, உயிர்ப் பிரச்சினை அல்ல. அந்த மாதிரி இரவில் அட்டவணை என்னைத் தாங்குமா என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

அட்டையை நிறுத்திவிடவில்லை. எடுத்து வந்த இரவே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுகிறோம், அவ்வளவுதான் மாற்றம். ஊர் மாற்றல் இன்னும் வரவில்லை. பின்பக்கம் நட்ட முருங்கைக் கிளை இந்த வருடம் காய்த்தது. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுத்தோம், எப்படிச் சமைப்பது என்று அந்த அம்மா வந்து கேட்டுப் போனார்.